ஐஸ் பெட்டிக்குள் முகங்கள்

செவரினாவின் மடியில் ஒரு வெள்ளை ரெஜிஃபோம் பெட்டி இருந்தது. மீன் வாடியில் ஐஸ் போட்டு இறால் அனுப்புகிற பெட்டி. இப்போது அதற்குள் இறால் இல்லை, படங்கள் இருந்தன. புத்தளத்துக்கு வெளியே அவளுடைய ஊரிலிருக்கும் காப்பிரிக் குடும்பங்கள் அத்தனை பேருடைய பழைய படங்களும், வெள்ளத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பொலித்தீனில் சுற்றி, கீழேயும் மேலேயும் ஐஸ் கொட்டி. கொழும்பு பஸ் புத்தளம் ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்போதே பெட்டியின் அடிமூலையிலிருந்து ஒரு சொட்டு அவள் கால்விரலில் விழுந்தது. ஐஸ் தண்ணிதான், என்று நினைத்தாள். ஐஸ் என்றால் கரையத்தான் செய்யும். அடுத்த சொட்டு விழுந்தது. கரையட்டும், நிறைய இருக்கிறது, வாடியில் ஐஸ் உடைக்கிற அன்சார் கட்டி கட்டியாய் உடைத்துப் போட்டான், கொழும்பு வரைக்கும் தாங்கும் என்றான். தாங்கும் என்றுதானே சொன்னான், தாங்கலாம் என்று சொல்லவில்லையே. அவன் சொன்ன குரலை மறுபடி காதுக்குள் கேட்டுப் பார்த்தாள். முதல் தடவை உறுதியாக இருந்த குரல் இரண்டாம் தடவை கொஞ்சம் இழுத்தது. மூன்றாம் தடவை அவன், ‘தாங்கும் எண்டுதான் நினைக்கிறன்’ என்றே சொல்லிவிட்டான். இனி அவன் உண்மையில் எப்படிச் சொன்னான் என்று அவளுக்கு நிச்சயமில்லை. குனிந்து, விரலில் விழுந்த தண்ணீரைத் தொட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நிறம் இருக்கிறதா? பழுப்பாக ஏதாவது? முகம் கரைந்தால் தண்ணீர் என்ன நிறத்தில் வரும்? தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. வெள்ளத்து மண் கொஞ்சம், இறால் வாடை கொஞ்சம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தது யார்? பஸ் பாலாவி தாண்டும்போது இந்தக் கேள்வி வந்தது. நேற்றிலிருந்து வருகிற கேள்வி, வந்தால் போகாத கேள்வி. அவள்தான் வைத்தாள். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியவள் அவள்தான். அரிசிப் பானைக்குள் வைத்திருந்தவர்களிடம், ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்திருந்தவர்களிடம், கரையான் தின்ற சுவரில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தவர்களிடம். “தாங்க, பத்திரமா வைக்கிறன். கொழும்பிலயிருந்து ஷர்மினி மிஸ் மெஷினோட வருவா, எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல ஏத்தித் தருவா. பிறகு அழியாது.” அழியாது. அந்தச் சொல்லை எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பாள்! நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று ஒரு தாளும் இல்லை, பறங்கியரும் ஒல்லாந்தரும் வெள்ளைக்காரரும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டதோடு சரி, ஆப்பிரிக்காவில் எந்த ஊர், எந்த ஆறு, என்ன பாஷை, ஒன்றும் இல்லை, இருப்பது இந்த முகங்கள்தான், இதையும் விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று பேசிப் பேசியே வாங்கினாள். கொடுக்காமல் இருந்தது ஒலிம்பியா மட்டும்தான். செவரினாவின் பெரியம்மா மகள். அவளிடம் இருந்தது ஒரேயொரு படம், மகள் கொன்சீலியா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளை உடுப்போடு ஸ்டூடியோவில் நின்று எடுத்தது. அந்த வருட மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. “மத்ததெல்லாம் கொண்டு போ, இது என்னோட இருக்கட்டும்” என்றாள் ஒலிம்பியா. மூன்று தடவை போய், நாலாம் தடவை அழுது வாங்கி வந்தாள் செவரினா. வாங்கி வந்து தகரப் பெட்டிக்குள் வைத்தாள், கட்டிலுக்குக் கீழே. ஷர்மினி அந்த மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் மெஷின் வேறெங்கோ போயிருந்தது. மீ ஓயா பெருகி வந்தது. ஆட்கள் கூரையில் ஏறினார்கள். அரிசிப் பானை மிதந்தது, ஜெபமாலைப் பெட்டி மேல்தட்டில் நனையாமல் இருந்தது. தகரப் பெட்டி மட்டும் பாரமாகக் கிடந்து அடியிலேயே ஊறியது. அந்தந்த வீட்டில் இருந்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். பாதியா? பாதிக்கு மேலே. இல்லை, அரிசிப் பானைக்குள் தண்ணீர் போயிருக்கும். ஜெபமாலைப் பெட்டி? அது தப்பியது. அவள் கணக்குப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். கணக்கு எப்படிப் போட்டாலும் கடைசியில் தகரப் பெட்டியே வந்து நின்றது.

முந்தலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் உடப்பைச் சேர்ந்த மீன்காரி, பெயர் திரௌபதை என்று சற்று நேரத்தில் தானே சொன்னாள். சிலாபம் ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்க்கப் போகிறாளாம். அவள் முதலில் பார்த்தது செவரினாவின் தலைமயிரை. எல்லோரும் அங்கேதான் முதலில் பார்ப்பார்கள், சுருள் சுருளாய் மண்டையோடு ஒட்டிக்கிடக்கும் மயிரை, பிறகு மூக்கை, பிறகு வாயைத் திறந்து தமிழ் வந்ததும் திடுக்கிடுவார்கள். “மீனா கொண்டு போறீங்க?” என்று கேட்டாள் திரௌபதை. “இல்லக்கா. படங்கள்.” “படமா? ஐஸ்லயா?” “நனைஞ்சு போச்சு. காய்ஞ்சா ஒட்டிப் பிடிச்சிரும், பிறகு பிரிக்கேலாது எண்டு கொழும்பில ஒரு மிஸ் சொன்னா. ஐஸ்ல வச்சு ஈரத்தோட கொண்டு வரட்டாம். இருட்ட முந்திப் போய்ச் சேரணும், பிறகு மிஸ்ஸின்ட ஒபிஸ் திங்கக்கிழமைதான் திறப்பாங்க.” திரௌபதை பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல. ஒன்றும் சொல்லவில்லை.  ஏன் ஒன்றும் சொல்லவில்லை? ஐஸோடு புழங்குகிறவள், சத்தத்திலேயே தெரிந்திருக்கும். கேட்கலாமா? கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் அம்மா வந்தாள். அம்மா பெலிசித்தா, தேங்காய்ச் சிரட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, வாய் திறந்து, காப்பிரிகள் கூடிப் பாடும் மஞ்சா பாட்டின் நடுவில். இது படம். அம்மாவுக்கு இருக்கிற ஒரே படம், பெட்டிக்குள் எங்கேயோ ஒரு கட்டுக்குள் இருக்கிறது. படம் இல்லாத அம்மாவை நினைத்துப் பார்ப்போம் என்று செவரினா முயன்றாள். அடுப்படியில் அம்மா. கிணற்றடியில் அம்மா. உப்பளத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு உப்பு வாரும் அம்மா. கை வந்தது, குதிகால் வெடிப்பு வந்தது, உப்புத் தின்ற விரல் நகம் வந்தது, வியர்வையும் வெற்றிலையும் கலந்த மணம்கூட வந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் அந்தப் படமே வந்து உட்கார்ந்தது, கறுப்பு வெள்ளையில், வாய் திறந்தபடி. அப்படியானால் அம்மாவின் முகம் அவளுக்குள் இல்லை. இத்தனை வருடமும் படத்தைப் பார்த்துப் பார்த்து, உள்ளே இருந்ததை எடுத்துப் படத்துக்குள்ளே வைத்துவிட்டிருக்கிறாள். படம் போனால்? அவள் கண்ணைத் திறந்தாள். சொட்டுகள் இப்போது இடைவெளி இல்லாமல் விழுந்தன.

“அக்கா, என்னத்த இது, சீட்டுக்குக் கீழ குளமாயிரிக்கு” என்று கண்டக்டர் வந்து நின்றான். நிஸ்தார் என்று சட்டையில் எழுதியிருந்தது. “டிக்கியில போடுங்க.” “டிக்கியில சூடு தம்பி. என்ட காலுக்குக் கீழ இருக்கட்டும். துடைச்சு விடுறன்.” அவன் முணுமுணுத்துக்கொண்டு ஒரு பழைய துவாயைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் துடைத்துப் பிழிந்து, ஜன்னலுக்கு வெளியே விட்டாள். பிழிந்த தண்ணீரில் ஜெரோனிமோ பூட்டன் இருக்கிறாரா என்று ஒரு எண்ணம் வந்து, அதை விரட்ட முடியாமல் தவித்தாள். ஜெரோனிமோ அம்மாவுடைய பாட்டனார். ஒரு வெள்ளைக்காரத் துரை மரக்கோலும் முக்காலியும் கொண்டு ஊருக்கு வந்து, ஆட்களை வரிசையாக நிறுத்தி மண்டையை அளந்தானாம், மூக்கை அளந்தானாம், நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்தானாம். பக்கத்திலே அளவுகோல். மாட்டுக்கு வைக்கிறதுபோல. எவ்வளவோ காலம் கழித்து யாரோ ஒரு பாதர் அதில் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். வீட்டில் என்ன செய்தார்கள்? கத்தரிக்கோலை எடுத்து அளவுகோலை வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டும்போது பூட்டனின் தோள் ஒன்றும் கொஞ்சம் போய்விட்டது. போனால் போகட்டும் என்று பிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சின்ன வயதில் செவரினா அதைப் பார்த்து, பூட்டன் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று கேட்பாள். “கோபமில்ல, மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிறார்” என்பாள் அம்மா. மூச்சைப் பிடித்தபடி நின்ற ஆளைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டாயே செவரினா. மகன் ரொனால்ட் கட்டாரிலிருந்து நேற்று இரவு என்ன சொன்னான்? “மம்மி, போனவை போகட்டும், நீங்க உயிரோட இருக்கிறீங்கதானே.” நல்ல பிள்ளை. அவன் மகளின் படத்தைப் போன மாதம் அனுப்பியிருந்தான். நேரான, மெல்லிய மயிர். தாயைப் போல. அதில் குற்றமில்லை, பிள்ளை யாரைப் போலாவது இருக்கட்டும். ஆனால் ஒருநாள் அவள் வளர்ந்து கண்ணாடிக்கு முன் நின்று, இந்த மூக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், அவளை எந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது? போனிலாவது எடுத்து வைத்திருக்கலாமே. எடுத்தாள், கொஞ்சம் எடுத்தாள். அந்தப் போனும் வெள்ளத்தோடு போனது. இப்போது கையில் இருப்பது அன்சாருடைய போன். சுற்றிச் சுற்றி எந்த வழியாகப் போனாலும் தண்ணீர் வந்து நின்றது.

பஸ்ஸும் நின்றது. சிலாபத்துக்குச் சற்று முன்னால், தெதுறு ஓயாப் பாலத்துக்கு இந்தப் பக்கம், றோட்டில் வரிசையாக லொறிகளும் பஸ்களும் நின்றன. பாலத்தடியில் தண்ணீர் ஏறிவிட்டது, இறங்கும்வரை பொலிஸ் விடாது என்று நிஸ்தார் வந்து சொன்னான். எப்போது இறங்கும்? “அல்லாவுக்குத்தான் தெரியும்.” ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கித் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனார்கள். செவரினா உட்கார்ந்தே இருந்தாள். தண்ணீர் இறங்கிவிடும், இப்போது இறங்கிவிடும், மழைகூடத் தூறலாகிவிட்டது. பிறகு எழுந்து ஓடினாள். கடையில் ஐஸ் கேட்டாள். கரண்ட் போய் இரண்டு நாள், ஐஸ் இல்லை. பக்கத்தில் மீன் விற்கிற கொட்டிலில் கேட்டாள், மீனே இல்லை என்றார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று சிங்களத்தில் கேட்டாள், அந்த அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தே காட்டினாள், உள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பி வந்து பெட்டியின் மூடியை முதல் தடவையாகத் திறந்தாள். ஐஸ் இல்லை. கண்ணாடித் துண்டுபோல ஒன்று இரண்டு மிதந்தன, அவள் பார்க்கப் பார்க்க அவையும் மெலிந்தன. கலங்கல் தண்ணீரில் பொலித்தீன் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. ஷர்மினிக்குப் போன் போட்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை, “கரைஞ்சிட்டு மிஸ், கரைஞ்சிட்டு” என்பதே வந்தது.  ஷர்மினி மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, இனி வச்சிருந்தா பழுதாகிடும். நீங்கதான் பிரிக்கணும். இப்பவே. அகலமான பாத்திரத்தில நல்ல தண்ணி. தண்ணிக்குள்ள வச்சே பிரிங்க, இழுக்காதீங்க, தானாக் கழர்றதை மட்டும் எடுங்க. படத்தின்ட முகத்தைக் கையால தொடவே வேணாம். பிரிஞ்ச உடனே போன்ல ஒரு படம் எடுத்திடுங்க, ஈரத்தோடயே.” “எனக்கு ஏலாது மிஸ்.” “வேற ஆள் இல்ல அக்கா.” செவரினா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். தடித்த விரல்கள், கருவாடு புரட்டிய விரல்கள். இந்தக் கையாலா?

திரௌபதை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இறங்கிப் போய்த் தேத்தண்ணிக் கடையிலிருந்து பாத்திரம் கழுவுகிற அலுமினியப் பேசினைத் தூக்கி வந்தாள், கடைக்காரன் பின்னால் கத்திக்கொண்டு வந்தான், வந்து பெட்டிக்குள் பார்த்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் வாளியோடு திரும்பி வந்தான். பஸ்ஸின் நடுவழியில் பேசினை வைத்து முழங்காலில் உட்கார்ந்தாள் செவரினா. முதல் கட்டு. எதை முதலில் எடுப்பது? அம்மா எந்தக் கட்டில் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அதை முதலில் எடுத்திருப்பாளா? எடுத்திருக்க மாட்டாள், மற்றவர்களுடையதுதான் முதலில், அவர்கள் நம்பிக் கொடுத்தது. எடுத்திருப்பாள். தெரியாமல் இருந்ததே நல்லது. கட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, விளிம்பில் நகத்தை வைக்காமல், தண்ணீரையே உள்ளே விட்டுவிட்டு ஆட்டினாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே இருந்த படம் தானாக நழுவி மிதந்தது, லூயிசா மாமியின் கலியாணம், மாப்பிள்ளையின் சப்பாத்துக்கூடத் தெளிவாக. நிஸ்தார் தன் போனை நீட்டிப் படமெடுத்தான். அடுத்தது நழுவியது. அதில் ஆறு பேர் நின்ற இடத்தில் ஆறு சட்டைகள் மட்டும் நின்றன. முகங்கள் ஒரு மஞ்சள் பாலாடைபோல உரிந்து, தண்ணீரில் சுருண்டு, அவள் கையைச் சுற்றிக்கொண்டு கரைந்தன. செவரினா கத்திவிட்டாள். “என் கையிலதான் போச்சு, என் கையிலதான்.” “அது முந்தியே போனதுதான் புள்ள, எடு, மத்ததை எடு” என்றாள் திரௌபதை. எடுத்தாள். பிரிந்ததைச் சீட்டில் பொலித்தீன் விரித்து முகம் மேலே பார்க்க வைத்தார்கள். ஜன்னல் பக்கம் ஒருவர், நடுவழிப் பக்கம் ஒருவர். உப்பளத்தில் நின்றவர்கள், தொட்டிலில் கிடந்தவர்கள், பாண்ட் வாத்தியக்காரர்கள். ஜெரோனிமோ வந்தார், ஒரு கன்னம் இல்லாமல், மற்றக் கன்னத்தோடு. அவருக்குச் சாரதிக்குப் பின்னால் இருந்த சீட் கிடைத்தது. வருகிற ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் சொன்னாள், யாரும் கேட்காமலே, சொல்லாவிட்டால் கரைந்துவிடுமோ என்ற பயத்தில். நாலைந்து போனது, பத்துக்கு மேல் தப்பியது, மறுபடி இரண்டு போனது, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். எண்ணினால் வீடு வீடாகப் போய் நிற்கும் தன் உருவம் தெரிந்தது.

கொன்சீலியா வந்தாள். பேசினின் அடியில் முதலில் வெள்ளை உடுப்பு தெரிந்தது. தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, சிரிக்காதே என்று யாரோ சொன்னதுபோல இறுக்கிய வாய். முழுதாக இருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குப் பின்பக்கம் இன்னொரு படம் ஒட்டியிருந்தது, அது எவருடையது என்று பார்ப்பதற்குள் தண்ணீர் அதைப் பிடித்து இழுத்தது, தாள் மட்டும் தனியாகக் கழன்று வந்தது, வெறும் வெள்ளைத் தாள், ஒன்றும் இல்லாத தாள். அதைத் திருப்பினாள். இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. மூலையில் மட்டும் ஒரு சிரட்டையின் வளைவு, அரைவட்டமாக.   தாளைப் பிடித்தபடி இருந்தாள், அது கையில் துவண்டு தொங்கியது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, இனி எங்கே போய்ப் பார்ப்பேன் அம்மா, என்று ஒரு வரி மட்டும் தலைக்குள் ஓடி ஓடி அதே இடத்துக்கு வந்தது. “அக்கா,” என்றான் நிஸ்தார், “இங்க பாருங்க.” அவன் கொன்சீலியாவின் படத்தைப் போனில் எடுக்கப் போனவன், அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் முதுகுத் தாளில், ஒரு வெள்ளைப் படலத்துக்கு அடியில், அம்மா இருந்தாள். வாய் திறந்தபடி, சிரட்டையோடு. படத்தின் தோல் தன் தாளை விட்டுவிட்டு, முகம் குப்புற, பக்கத்துப் படத்தில் பிடித்துக்கொண்டுவிட்டது. எல்லாம் இடம் மாறி இருந்தது. வகிடு மறுபக்கம், மூக்குத்தி மறுபக்கம். இது அம்மாவா? செவரினா குனிந்து குனிந்து பார்த்தாள். அறிமுகமில்லாத ஒருத்தி போலவும் இருந்தாள். தலைவாரும்போது சின்னக் கண்ணாடியில் அம்மா பார்த்த அம்மா இவளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

போன் அடித்தது. ஒலிம்பியா. காலையில் வாசலில் நின்று, “நனைஞ்சாலும் பரவாயில்ல, என்ட பிள்ளையைத் தந்திட்டுப் போடி” என்று பெட்டியைப் பிடித்து இழுத்தவள், அன்சாருடைய நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள். “என்னாச்சு?” என்று மட்டும் கேட்டாள். “உன்ட பிள்ளை இருக்கிறா ஒலிம்பியா. முழுசா இருக்கிறா. மெழுகுதிரியும் இருக்கு.” அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம், பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். செவரினா பொறுத்திருந்து, “அவளுக்குப் பின்னால எங்கட அம்மா ஒட்டிப் பிடிச்சிட்டா” என்றாள். “அம்மான்ட படம் போச்சு. முகம் மட்டும் உன்ட படத்தின்ட முதுகுல இருக்கு. சுரண்டினா எடுக்கலாமோ தெரியாது. எடுக்கப் போனா பிள்ளைக்கும் பழுது வரும்.” சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். ஒலிம்பியா உரித்து எறி என்று சொல்லலாம். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. தூறல் பஸ்ஸின் கூரையில் விழுகிற சத்தம் கேட்டது. “பெலிசித்தா சின்னம்மாவா?” என்றாள் ஒலிம்பியா. “ஓம்.” “பாடுறாளா?” “ஓம். பாடுறா.” “கையை வைக்காத,” என்றாள் ஒலிம்பியா, பழைய கோபம் கொஞ்சமும் குறையாத குரலில். “என்ட படம் என்ட வீட்டுக்குத்தான் வரணும். என்ட சுவர்லதான் தொங்கும். உனக்கு உன்ட அம்மாவைப் பார்க்கணுமெண்டா வீட்டுக்கு வா. வந்து திருப்பிப் பாரு.” போனை வைத்துவிட்டாள். செவரினா படத்தை இரு கையாலும் ஏந்திப் போய், ஒருவரும் இல்லாத ஒரு சீட்டில் வைத்தாள். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு பிள்ளை மேலே பார்க்க, விளிம்பு இரண்டுக்கும் அடியில் மட்டும் பொலித்தீனை மடித்து முட்டுக்கொடுத்து, அம்மாவின் முகம் எதிலும் படாமல் வைத்தாள். “இன்னும் கிடக்கு புள்ள,” என்றாள் திரௌபதை. பேசினில் ஒரு கட்டு பிரியாமல் கிடந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, லொறிகள் அசையவில்லை. செவரினா மறுபடி முழங்காலில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, விளிம்பைத் தேடினாள்.